இலேசான பையும் மிகுபொருள் விரும்பாமையும்

வழி நடப்பவர் எவ்வளவு சுமக்கலாம் என்னும் வினா மிகப் பழையது. வணிகச் சாத்துகளும் யாத்திரிகர்களும் படைவீரர்களும் தத்தம் தேவைக்கேற்ப அதற்கு விடை கண்டனர். எவ்விதக் கட்டாயமுமின்றி, நடத்தலுக்காகவே நடப்போர் பெருகிய நாட்டில் இவ்வினா புதிய உருக்கொண்டு எழுந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைவழி ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. மேற்கில் மெக்சிகோ எல்லை முதல் கனடா எல்லை வரை செல்லும் பசிபிக் முகட்டுவழியோ 4,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இவற்றை ஒரே பருவத்தில் முழுதும் நடந்து முடிக்க முனைவோர் ஐந்தாறு திங்கள் வீட்டைத் துறந்து வாழ்கின்றனர். கூரை, அடுக்களை, படுக்கை, மருந்துப் பேழை யாவும் முதுகின்மேல் ஒரே பையில் அடங்கிவிடுகின்றன. அந்தப் பையைக் கனமானதிலிருந்து இலேசானதாக மாற்றிக்கொள்வது குறித்து அவர்கள் நடத்தும் வாதங்கள் முடிவற்றவை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றி நினைக்கக் கடமைப்பட்ட நம்போன்ற இல்லறத்தார்க்கு, ஒருவர் தம் உடைமை முழுவதையும் தராசிலிட்டு நிறுக்கும் இக்காட்சி சிந்திக்கத்தக்கது.

முதலில் செய்தியை விளக்கிவிடுவோம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாழ்நாளைக் கழித்த நமக்கு, பொருளை விளக்காமல் கருத்துரைக்கப் புகுவது உடன்பாடன்று.

நெடுநடையாளர் தம் சுமையை இரு கூறாகப் பிரிப்பர். உணவு, நீர், அடுப்பெரிபொருள் ஆகியவை நாள்தோறும் குறைந்துவருவன. ஏனையவை முதல்நாள் தொட்டு இறுதிநாள் வரை மாறாதிருப்பன. இம்மாறாத பகுதியையே அடிப்படை எடை என்கின்றனர். அது 20 பவுண்டுக்குள், அதாவது சுமார் 9 கிலோவுக்குள் இருப்பின் இலேசான சுமை என்பர். 10 பவுண்டுக்குள், அதாவது நாலரைக் கிலோவுக்குள் அடங்கிவிட்டால் மிக இலேசான சுமை. இவ்வெடையில் பெரும்பங்கு மூன்று பொருள்களுக்கு உரியது: பை, தங்கும் கூடாரம், உறங்கும் படுக்கை.

பழைய முறைப் பை வெறுமையாக இருக்கும்போதே இரண்டு முதல் மூன்று கிலோ வரை நிற்கும். அலுமினியச் சட்டமும் தடித்த துணியும் பல அறைகளும் அகன்ற இடுப்புப் பட்டையும் அதற்குண்டு. இவை வீண் அணிகலன்கள் அல்ல. சட்டமும் பட்டையும் சேர்ந்து சுமையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின்மேல் ஏற்றுகின்றன. ஆகையால்தான் இருபது கிலோவையும் ஒருவர் நாள் முழுதும் சுமக்க முடிகிறது. புதுமுறைப் பைகளுள் மிக இலேசானவற்றிற்குச் சட்டமே இல்லை. அவற்றின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. சில அரைக் கிலோவே. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாண்டினால் அத்தகைய பை துவண்டு தொங்கும். பாரம் முழுதும் தோளை இழுக்கும். எனவே அனுபவமுள்ளோர் ஒருமுகமாகக் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: உள்ளிருப்பனவற்றை முதலிற் குறை, பையை இறுதியில் மாற்று. உள்ளே குறைக்காமல் பையை மட்டும் மாற்றுபவர் தோள்வலியை விலைகொடுத்து வாங்குகிறார். விரதம் ஏற்கும் முறைக்கும் இது பொருந்துமென்று நமக்குத் தோன்றியது. வெளித்தோற்றத்தை முதலில் மாற்றி உள்ளத்தைப் பின்னர் மாற்றலாம் என்று தொடங்கியவர்கள் இடையில் நின்றதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

(பள்ளிச் சிறாரின் புத்தகப்பை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. அப்பை சிறாரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று 2020-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் கொள்கை வகுத்தது. ஆனால் 1993-இலேயே பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, பையின் எடையினும் புரியாமையின் சுமையே கொடிது என்று காட்டிவிட்டது. தராசு காட்டாத பாரமும் உண்டென்பதைக் கல்வித்துறையே நமக்கு அறிவித்திருக்கிறது.)

இலேசான பையின் வரலாற்றில் முதலிற் சொல்லத்தக்கவர் ஒரு மூதாட்டி. ஓஹையோ மாநிலத்தில் 1887-ஆம் ஆண்டு பிறந்த எம்மா கேட்வுட் பதினொரு மக்களைப் பெற்று வளர்த்தவர்; கணவரின் கொடிய அடிகளைப் பல்லாண்டு பொறுத்துப் பின்னர் மணவிலக்குப் பெற்றவர். அப்பலாச்சியன் வழியைப் பற்றி ஓர் இதழில் படித்து, 1954-இல் வடமுனையிலிருந்து நடக்கத் தொடங்கினார். வழி தவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து, வனக்காவலர்களால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு மே மாதம், தம் அறுபத்தேழாம் வயதில், மக்களிடம் நடந்துவரப் போவதாக மட்டும் கூறிவிட்டு, ஜார்ஜியா மாநிலத்தின் ஓகிள்தார்ப் மலையிலிருந்து புறப்பட்டார். செப்டம்பர் 25-ஆம் நாள் மெயின் மாநிலத்துக் கத்தாதின் சிகரத்தில் நின்றார். அவ்வழி முழுவதையும் ஒரே பருவத்தில் தனித்து நடந்த முதற் பெண்மணி அவரே.

அவர் தோளில் தொங்கியது தாமே தைத்த ஒரு துணிப்பை. கூடாரம் இல்லை, குளியலறைத் திரைச்சீலை ஒன்றே மழைமறைப்பு. படுக்கைப்பை இல்லை, ஒரு கம்பளி. காலில் சாதாரணக் கான்வாஸ் காலணி. இன்று கடைகளில் பல நூறு டாலருக்கு விற்கும் இலேசுப் பைகளை உருவாக்கியோர் தம் முன்னோடியாக இவரைப் போற்றுகின்றனர். மெல்லிய துணிகளின் தொழில்நுட்பத்தால் இவர் இலேசு பெறவில்லை; இல்லாமலிருக்கத் தெரிந்ததால் பெற்றார்.

ஆயினும் இவ்வரலாற்றைப் போற்றுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்றுண்டு. கேட்வுட் அம்மையார் பல இரவுகளை வழியோர வீடுகளில் கழித்தார். அறிமுகமற்றோர் கதவைத் தட்டி இடம் கேட்டார், உணவும் பெற்றார், சில கதவுகள் மூடப்பட்டும் நின்றார். அதாவது, அவர் பையில் இல்லாத கூரையும் அடுப்பும் வேறெங்கோ ஒருவர் இல்லத்தில் இருந்தன. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. கேட்பதற்குப் பணிவு வேண்டும். கொடுப்பதற்கு அறம் வேண்டும். இரண்டும் அவ்வழியில் இருந்தன. குறைவாகச் சுமப்பவர் பிறரைச் சார்ந்தே நடக்கிறார் என்பதை மறைக்கக் கூடாது என்பதே நாம் சொல்ல வருவது.

அடுத்து வந்த ரே ஜார்டீன் வேறு வகையினர். வானூர்திப் பொறியாளராக இருந்து மலையேற்றத்துக்குத் திரும்பியவர். தம் மனைவியோடு பசிபிக் முகட்டுவழியை 1987, 1991, 1994 ஆகிய ஆண்டுகளில் நடந்தார். ஒவ்வொரு முறையும் சுமை குறைந்தது. கனத்த காலணிக்குப் பதில் ஓட்டக் காலணி, கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாய், படுக்கைப்பைக்குப் பதில் மெத்தென்ற போர்வை, வெயிலுக்கும் மழைக்கும் ஒரு குடை, வீட்டிலேயே தைத்த பை. 1992-இல் அவர் வெளியிட்ட கையேடு ஒரு தலைமுறையின் பைகளை மாற்றிற்று. அதே ஆண்டில் 'அமெரிக்கா கப்' பாய்மரப் படகுப் போட்டியில் வென்ற படகின் பாய்களுக்கென உருவான மெல்லிய வலுத்துணியே பின்னாளில் முதுகுப்பைத் துணியாகவும் ஆயிற்று.

இனி வினாவுக்கு வருவோம். நம் தமக்கையின் பேரன் கலிபோர்னியாவில் பணிபுரிபவன். யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரை செல்லும் ஜான் மியூர் வழியை, ஏறத்தாழ 340 கிலோமீட்டரை, நடக்க எண்ணிப் பழைய பையை நீக்கிப் புதிய பை வாங்கினான். தொலைபேசியில் பேசும்போது, "பாட்டி, என் உடைமையெல்லாம் சேர்ந்து இப்போது ஐந்து கிலோதான். நானும் அபரிக்கிரகி ஆகிவிட்டேன் அல்லவா?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆயினும் விளையாட்டாகவே விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை.

தத்துவார்த்த சூத்திரம் இயற்றிய ஆசாரியர் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுங்கால் பொருளைச் சுட்டாமல் பற்றைச் சுட்டினார் என்பதை நம் பெரியோர் விளக்கக் கேட்டிருக்கிறோம். புறப் பரிக்கிரகம் பத்து, அகப் பரிக்கிரகம் பதினான்கு என்று நூல்கள் வகுக்கின்றன. அந்தப் பதினான்கனுள் அச்சமும் ஒன்று, செருக்கும் ஒன்று. நெடுநடையாளரிடையே ஒரு பேச்சு வழங்குகிறது: பையில் தேவைக்கு மேல் இருப்பனவெல்லாம் அவரவர் அச்சங்களே என்பது. குளிருக்கு அஞ்சுபவர் மூன்று சட்டை கூடுதலாகச் சுமக்கிறார்; பசிக்கு அஞ்சுபவர் ஊர் போய்ச் சேர்ந்த பின்னும் இரண்டு நாள் உணவைப் பையில் வைத்திருக்கிறார். சமண நூல்களைக் கண்டிராதோர் நடந்து நடந்தே இவ்வுண்மையை எட்டியது நமக்கு வியப்பளித்தது.

அச்சத்தை இறக்கிய இடத்தில் செருக்கை ஏற்றிக்கொள்வோரும் உண்டு. பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்து எறிகிறார்கள். சட்டையின் முத்திரைத் துணியைக் கத்தரிக்கிறார்கள். ஒவ்வொரு கரண்டியையும் கிராம் கணக்கில் எழுதி வைக்கிறார்கள். பிறர் பையைத் தூக்கிப் பார்த்து முறுவலிக்கிறார்கள். முப்பது கிராம் குறையுமென்று, நல்ல நிலையிலுள்ள அடுப்பை ஒதுக்கி வேறு வாங்குகிறார்கள். பை இலேசாகிறது; வீட்டு அலமாரி கனக்கிறது. பேரனிடம் பழைய பைகள் எத்தனை உள்ளன என்று கேட்டோம். மூன்று என்றான். அப்படியாயின் அபரிக்கிரகி என்னும் பட்டத்தைச் சற்று ஒத்திவைப்போம் என்றோம், அவனும் சிரித்தான்.

இதைவிடக் கடுமையான வினா, இறக்கிய சுமை எங்கே போகிறது என்பது. இமயத்திலும் ஆண்டிஸ் மலையிலும் கைவீசி நடக்கும் பயணிகள் பலர். அவர்கள் பை இலேசாயிருப்பது பிறர் முதுகு கனப்பதால். நேபாளச் சுமையாளர்களைப் பற்றி 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வின்படி, ஆடவர் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடு சுமந்து மலையேறினர். பெரு நாட்டில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சுமையாளர் ஒருவருக்கு 20 கிலோ என வரம்பு கட்டிற்று. இன்கா வழியில் சோதனைச்சாவடியில் அவர்கள் சுமை நிறுக்கப்படுகிறது. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேருமென்பது நாம் இளமையிலேயே பயின்ற பாடம். சுமைக்கும் அது பொருந்தும். கூலி கொடுத்துச் சுமக்கச் செய்வதே தீது என்று நாம் கூறவில்லை. அக்கூலியால் வாழும் குடும்பங்கள் உள்ளன. வரம்பு கட்டிய சட்டம் நல்லதே. ஆனால் அத்தகைய பயணி தம்மை எளிமையானவர் என்று எண்ணிக்கொள்வது பொருந்தாது.

சுமையாளர் இல்லாத வழிகளிலும் இக்கேடு வேறுருவில் உண்டு. மழையுடையும் கட்டுத்துணியும் விட்டுவிட்டு வந்தவர் புயல் வந்ததும் அடுத்தவர் கூடாரத்தில் புகுகிறார். அல்லது மீட்புப் படையினர் நள்ளிரவில் மலையேறித் தம் உயிரைப் பணயம் வைக்க நேர்கிறது. அளவுக்கு மீறிய இத்தகைய குறைப்பை அறிவற்ற இலேசு என்று நெடுநடையாளரே இகழ்கின்றனர். கேட்வுட் அம்மையார் கதவைத் தட்டிக் கேட்டதற்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. மறுக்கும் உரிமையை அவர் வீட்டாரிடமே விட்டிருந்தார். புயலில் வந்து நிற்பவரை யாரும் மறுக்க இயலாது.

இவ்வளவும் மனிதரைப் பற்றியது. பேரனோடு நாம் நெடுநேரம் பேசியது கரடியைப் பற்றி. அவன் செல்லும் மலைப்பகுதியில் கருங்கரடிகள் வாழ்கின்றன. மனித உணவின் சுவை கண்ட கரடி அதனை மறப்பதில்லை. முகாம்களிலும் வாகனங்களிலும் அதனைத் தேடி வரும். அச்சம் நீங்கி ஆட்களை நெருங்கும். இறுதியில் பூங்கா அலுவலரே அதனைக் கொல்ல நேரும். யோசெமிட்டியில் 1998-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இத்தகைய நிகழ்ச்சிகள், பெரும்பாலும் வாகனங்களை உடைத்தல், ஆயிரத்தைந்நூறுக்கு மேல் நடந்தன. உணவைப் பாதுகாக்கும் விதிகள் இறுகிய பின்னர் அவை வெகுவாகக் குறைந்தன. காட்டில் தங்குவோர் கரடியால் திறக்க முடியாத கெட்டியான கொள்கலத்திலேயே உணவை வைத்திருக்க வேண்டுமென்பது அங்கு விதி. ஒருவாரத்து உணவு கொள்ளும் அத்தகைய கொள்கலம் ஏறத்தாழ ஒரு கிலோ எடை.

சட்டமில்லாத மெல்லிய பையில் அந்த உருளை சரியாக அமரவில்லை, முதுகை உறுத்துகிறது. ஒரு கிலோவை மிச்சப்படுத்த மாதக்கணக்கில் முயன்றவனுக்கு அதனைக் காண்பதே கசப்பு. விதியை மீறிச் சிலர் அதனை விட்டுச் செல்வதும் உண்டென்று அவன் கூறினான். அபராதத்தை மட்டும் எண்ணுபவருக்கு அது ஒரு துணிச்சல். நாம் அதனை வேறுவிதமாகக் கண்டோம். பையிலுள்ள ஏனைய பொருள்கள் அனைத்தும் சுமப்பவருக்காக. இது ஒன்று மட்டும் வேறோர் உயிருக்காக. நம் திகம்பர முனிவர் ஆடையும் துறந்து, கால்நடையாகவே நாடு முழுதும் செல்கிறார். அவர் கையிலும் மயிற்பீலி உண்டு. அமருமிடத்தில் உள்ள சிற்றுயிர்களை ஊறின்றி விலக்குவதற்கு அது வேண்டும். எல்லாவற்றையும் விட்டவரும் அதனை விடுவதில்லை. பிற உயிரைக் காப்பதற்கான பொருளைக் குறைப்பது எளிமையாகாது என்று பேரனிடம் கூறினோம். அவன் புதிய பையைத் திருப்பிக் கொடுத்து, மெல்லிய சட்டமுள்ள, நானூறு கிராம் கூடுதலான பையொன்றைப் பெற்றுக்கொண்டான்.

அத்தோடு பேச்சு முடியவில்லை. படுக்கையைப் பற்றியும் கேட்டோம். மிக இலேசான வெப்பம் தருவது வாத்தின் மென்தூவி. பழந்தமிழ் இலக்கியத்தில் அன்னத்தூவி அணை அரசியர் படுக்கையாகப் பேசப்படுகிறது. இன்று அது மலையேறுவோர் போர்வை. பெரும்பாலும் ஊனுக்காகக் கொல்லப்படும் வாத்துகளிலிருந்து இது பெறப்படுகிறது. சிலவிடங்களில் உயிரோடிருக்கையிலேயே பிடுங்கப்படுவதும் உண்டு. உயிரோடு பிடுங்குவதை விலக்கும் தரச்சான்று 2014-இல் ஏற்பட்டது. அது ஒரு முன்னேற்றமே. எனினும் கொலை நீங்கிவிடவில்லை. முனிவரின் பீலியோ மயில் தானே உதிர்த்த இறகுகளால் ஆவது. செயற்கை இழையால் ஆன போர்வைகள் கிடைக்கின்றன. அதே வெப்பத்துக்கு அவை சில நூறு கிராம் கூடுதல். அடக்கினாலும் பருத்து இடத்தை அடைக்கும். ஆனால் நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும். அந்தச் சில நூறு கிராமைச் சுமப்பதா என்பதைப் பேரன் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஏற்கெனவே வாங்கிய தூவிப் போர்வையை எறிந்தால் இறந்த பறவைக்கு என்ன பயன் என்று கேட்கிறான். இவ்வினா எளிதன்று. வாங்கியதை இறுதிவரை பயன்படுத்தி, இனி வாங்காதிருத்தல் ஒரு வழி. அதனைப் போர்த்து உறங்க மனம் ஒவ்வாதெனில் குளிரில் வாடுவோர்க்கு அளித்துவிடல் மற்றொரு வழி. நாம் பின்னதையே விரும்புவோம். முன்னதைப் பிழை என்று சொல்லத் துணியோம்.

அப்பலாச்சியன் வழியின் தென்முனையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் நீல் கேப் என்னுமிடத்தில் வழியை ஒட்டியே ஒரு கடை இருக்கிறது. மூன்று நான்கு நாள் நடந்து தோள் புண்ணாகி வருவோர் அங்குப் பையைக் கவிழ்த்துக் கொட்டுகின்றனர். கடையிலுள்ளோர் ஒவ்வொரு பொருளாக எடுத்து, இது வேண்டுமா என்று கேட்கின்றனர். வேண்டாதவை பெட்டியிலிடப்பட்டு அஞ்சலில் வீட்டுக்குச் செல்கின்றன. வீட்டுக்குச் சென்ற பெட்டி உரியவருக்காகக் காத்திருக்கும். அது இன்னும் அவர் உடைமையே. ஆனால் இவ்வழிகளில் உள்ள விடுதிகளில் மற்றொரு பெட்டியும் வைத்திருக்கிறார்கள். தமக்கு மிகையானதை எவரும் அதில் இடலாம். தேவையானதை எவரும் எடுக்கலாம். பெயர் எழுதுவதில்லை, விலை கேட்பதில்லை. ஒருவர் விட்ட அரிசிப் பொட்டலத்தை மறுநாள் வருபவர் உண்கிறார். ஒருவர் கனம் என்று வைத்துச் சென்ற கம்பளிச் சட்டையை வேறொருவர் அணிந்து இரண்டு மலை தாண்டி, வெயில் வந்ததும் அடுத்த விடுதியின் பெட்டியில் வைத்துவிட்டுச் செல்கிறார்.